ஆறு மேசையும் நிறைந்த கடை

என் தங்கை புருஷன் ஆஸ்பத்திரி சமையல்காரர். பத்தொன்பது வருஷம் உப்பில்லாமல், காரமில்லாமல், எண்ணெய் இல்லாமல் சமைத்தவர். அவர் கையால் சாப்பிட்டவர்கள் யாரும் அவரைப் பாராட்டியது கிடையாது. குணமானவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். குணமாகாதவர்களுக்கு வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. ஒருவன் இரண்டாம் தடவை அவர் சாப்பாட்டைச் சாப்பிட வந்தான் என்றால், அவனுக்கு நோய் திரும்பி வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இதை அவரே ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்து முடித்த பிறகு முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ஒரே ஒரு ஆசைதான் மச்சான். நோயில்லாத ஒருத்தன், எனக்கு யாருன்னே தெரியாத ஒருத்தன், என் சாப்பாட்ட ஒரு தடவ சாப்பிட்டுட்டு, வீட்டுக்குப் போயி, யோசிச்சுப் பாத்துட்டு, தானா ரெண்டாம் தடவ வந்து உக்காரணும். ஒருத்தன் போதும். அப்புறம் நான் பாட்டுக்குச் சமைச்சுக்கிட்டே கெடப்பேன்."

அந்த ஒருத்தனுக்காக ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தார். அலுவலகங்கள் நிறைந்த ஒரு தெருவில் ஆறு மாதத்துக்கு ஒரு கடையைப் பிடித்தார். மதியச் சாப்பாடு மட்டும். ஆறு மேசை, இருபத்து நான்கு நாற்காலி, தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஆறு மாதத்துக்குள் கடை நிலைத்துவிட்டால் வேலையை விட்டுவிடுவது, இல்லாவிட்டால் விடுப்பு முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போவது. ஐம்பத்து மூன்று வயதுக்காரருக்கு இன்னொரு ஆறு மாதம் யாரும் தரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சமையல்கட்டு பின்னால் இருந்தது. சுவரில் தட்டு போய்வர ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் கடையில் அவருக்குத் தெரிவது, பரிமாறும் என் தங்கையின் முழங்கையும் எதிர்ச்சுவரில் மாட்டிய கடிகாரமும்தான். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் வந்தால் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்வாள். தெரியாதவர் வந்தால், "வெளியாள் ஒண்ணு" என்று குரல் கொடுப்பாள். உடனே மாப்பிள்ளை கையை மறுபடி கழுவுவார், இடுப்பில் கட்டிய துணியை அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவார், பிறகுதான் அடுப்பைத் தொடுவார். வந்துபோன வெளியாள் இரண்டாம் தடவை வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தார். "பழைய ஆள் ஒண்ணு" என்று சொல்ல வேண்டும்.

முதல் வாரம் பன்னிரண்டு வெளியாட்கள் வந்தார்கள். புதுக் கடை என்றால் எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. சாப்பிட்டார்கள், வாயைத் துடைத்தார்கள், போனார்கள். இரண்டாவது வாரம் கடை வெறிச்சோடிப் போயிற்று. தங்கை மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். எதிர்ப்பக்கத்து ரொட்டிக் கடையில் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டே கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரொட்டியை நானும் தின்று பார்த்திருக்கிறேன், வாயில் போட்டால் தண்ணீர் கேட்கும்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். நான் இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். முழங்கால் தேய்ந்துபோய் ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவன். என் யோசனைகளுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வரலாறு உண்டு. என் பேச்சைக் கேட்டுத்தான் சித்தப்பா மாடிப்படிக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தார், அடுத்த மழைக்கு வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். என் பேச்சைக் கேட்டுத்தான் என் மனைவி தன் பிறந்த வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் போட்டுவிட்டு ஒட்டாத சட்டி வாங்கினாள். அதில் ஒட்டாத பொருள் இன்றுவரை ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தாலும் மனிதர்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். காலியான லிஃப்ட் வந்து வாயைத் திறந்தால் ஏறத் தயங்குவார்கள். நாலு பேர் நிற்கிற லிஃப்டில் ஐந்தாவதாக நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

"மாப்ள, உங்க சமையல்ல ஒரு குறையும் இல்ல. காலிக் கடைக்குள்ள எவனும் கால எடுத்து வைக்க மாட்டான். கண்ணாடிப் பக்கம் ரெண்டு பேரு உக்காந்து ரசிச்சுச் சாப்பிடணும். பாக்குறவனுக்கு நாக்கு ஊறணும்" என்றேன்.

"யாரு உக்காருவா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு நானும் என் மனைவியும் கண்ணாடியோரம் உட்கார்ந்தோம். எதிரில் சூப், பொரித்த மீன், வேகவைத்த காய்கறி. ஒரு தட்டை ஒரு மணி நேரத்துக்கு இழுக்க வேண்டும் என்று நான் விதி போட்டிருந்தேன். தெருவைப் பார்க்கக் கூடாது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

"என்னத்தப் பேசுறது?" என்றாள் மனைவி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது, கேள்வி நியாயமானதுதான்.

"எதையாவது பேசு. மூஞ்சில சிரிப்பு மட்டும் இருக்கணும்."

அவள் பளிச்சென்று சிரித்தாள். சிரித்தபடியே, கல்யாணத்தன்று மாலையில் நான் அவள் அப்பாவிடம் பேசிய ஒரு பேச்சில் ஆரம்பித்து, வருஷ வாரியாக என் குறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுநடுவே மீனை வாயில் போட்டுக் கண்ணை மூடி ரசித்தாள். நான் தலையாட்டித் தலையாட்டிச் சிரித்தேன். வெளியே போனவர்கள் கண்ணுக்கு, இந்த வயசிலும் இப்படி ஒரு ஜோடியா என்று இருந்திருக்கும். மூன்று பேர் நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி உள்ளேயே வந்துவிட்டாள்.

"வெளியாள் ஒண்ணு" என்று தங்கை குரல் கொடுத்தாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐம்பத்தேழு வருஷத்தில் முதல் முறையாக என் யோசனை ஒன்று வேலை செய்திருக்கிறது.

அன்றைக்கு மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தங்கை, "அண்ணே, நீ மட்டும் இல்லன்னா…" என்று சொல்லிவிட்டு இன்னொரு மீனை என் தட்டில் வைத்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்தது இல்லை. அந்தப் பார்வைக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு பேர் போதாது என்று தோன்றியது. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெயிண்ட் விஷயத்தில் என்மேல் இருந்த கோபம் ஓசிச் சாப்பாடு என்றதும் ஆறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியை நிமிர்த்திப் பிடித்தபடியே தூங்கிவிடுவார். கண்ணாடியோரத்தில் ஒரு மனிதன் சூப்பின் முன்னால் அசையாமல் இருந்தால் தெருவில் போகிறவன் என்ன நினைப்பான்? தங்கை போகும்போதும் வரும்போதும் அவர் தோளில் தட்டிவிட்டுப் போவாள். தட்டினால் கண் விழித்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்குவார்.

சித்தப்பா தன் காலை நடைக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மொத்தம் ஏழு பேர். எடை குறைக்க நடக்கிறவர்கள். அவர்கள் தங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். நான் என் பழைய கம்பெனி ஆட்களில் ஓய்வு பெற்ற ஐந்து பேரைச் சேர்த்தேன். என் மனைவியின் அக்கா குடும்பம் நாலு பேர். பத்தே நாளில் ஆறு மேசையும் நிறைந்தது. கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்கே உள்ளே போக ஆசையாக இருந்தது.

தங்கை ஒருநாள் கேட்டாள். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏண்ணே, எல்லா மேசையிலும் நம்ம ஆளுங்களே உக்காந்திருந்தா, வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"வந்தா எழுந்துக்குவோம். இது தெரியாதா எனக்கு? முதல்ல கடைக்கு ஒரு பேரு வரணும். உனக்கு வியாபாரம் புரியாது, நீ பரிமாறு" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் ஒரு அதட்டுப் போட்டால் அடங்கிவிடுகிறவள். அன்றைக்காவது அடங்காமல் இருந்திருக்கலாம்.

ஓசியில் சாப்பிடுகிறவர்களைப் போல நேரம் தவறாத வாடிக்கையாளர்கள் உலகத்தில் கிடையாது. பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும் என்றால் பதினொன்றே முக்காலுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சீக்கிரமே ஒவ்வொருவருக்கும் இதுதான் என் நாற்காலி என்று ஆகிவிட்டது. நடைக் கூட்டத்தில் ஒருவர் இடம் பிடிக்கத் தன் தொப்பியை முதல் நாளே விட்டுவிட்டுப் போவார். இன்னொருவர், "நேத்து சூப்புல மிளகு தூக்கலா இருந்துச்சே, சமையல்காரருக்கு ஏதும் மனக்கஷ்டமா?" என்று விசாரித்தார். என் மனைவியின் அக்கா ஒரு கோழித் துண்டைத் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது மாதம் எல்லோருமாகச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் சாப்பிட விடக் கூடாதா, வேலை என்றால் ஒரு லீவு வேண்டாமா என்று என்னிடம் முறையிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது என்பதை ஞாபகப்படுத்தினேன். அப்படியென்றால் சனிக்கிழமை வேண்டும் என்றார்கள்.

மாப்பிள்ளைக்கு இவர்கள் தட்டு ஒரு பொருட்டே இல்லை. "சொந்தக்காரன் தட்டு காலியா வர்றதுல என்ன மச்சான் இருக்கு?" என்பார். அவர் காத்திருந்தது வெளியாள் தட்டுக்குத்தான். அது திரும்பி வந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். என்ன மிஞ்சியிருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து சாப்பிட்டிருக்கிறார்கள், குழம்பை ரொட்டியால் துடைத்திருக்கிறார்களா என்று டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போலப் பார்ப்பார். ஆனால் அந்தத் தட்டுகள் வாரத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். இடையில் எங்கள் ஆட்களில் யாருக்காவது பல்வலி, வயிற்றுக் கோளாறு என்று ஒரு நாற்காலி காலியானால் ஒரு வெளியாள் வந்து உட்காருவார். அது ஏன் அப்படி என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

ஒருநாள் ஒரு அம்மாளும் மகளும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே நின்று சுற்றிலும் பார்த்தார்கள். தங்கை பதறிப்போய் சித்தப்பாவின் தோளைத் தட்டினாள். தட்டினால் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்று பழகியிருந்த மனிதர், கண் விழித்து ஒரு வாய் சூப் குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்திருப்பதற்குள், "பரவால்லங்க, இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

அதற்கு நாங்கள் வருத்தப்பட்டோமா? கொண்டாடினோம். நான்தான் சமையல்கட்டுக்குள் ஓடிப் போய்ச் சொன்னேன். "மாப்ள, கடையில இடமில்லன்னு ஆளு திரும்பிப் போறாங்க. இனிமே பாருங்க." மாப்பிள்ளை சிரித்தார். பெரிய சட்டியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். ஐந்து மாதத்தில் அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசி மாதம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. மாப்பிள்ளை ஆரம்பத்தில் போட்டிருந்த சேமிப்பு தினம் இருபத்து நான்கு ஓசிச் சாப்பாட்டைத் தாங்குமா? மீன் சின்னதானது. சூப்பில் தண்ணீர் கூடியது. நடைக் கூட்டம் முகம் சுளித்தது, ஒவ்வொருவராக நின்றுகொண்டது. தொப்பிக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். காலியான நாற்காலிகளில் நான் வேறு ஓசி ஆட்களைப் பிடித்து உட்கார வைத்தேன். வெளியாட்கள் மொத்தம் இருபத்தொன்பது பேர் என்று மாப்பிள்ளை மனக்கணக்காக வைத்திருந்தார். இருபத்தொன்பது முறை கை கழுவியிருக்கிறார். "பழைய ஆள்" என்ற குரலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கடைசி நாள். சனிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரி வேலை. மாப்பிள்ளை, "இன்னிக்கு யாரையும் கூப்பிடாதீங்க மச்சான். இருக்குறத வச்சு ஒரு தடவ ஒழுங்கா சமைச்சுட்டுச் சாத்திடுறேன்" என்றார். தங்கை கடைச் சொந்தக்காரரைப் பார்த்துச் சாவி விஷயம் பேசப் போயிருந்தாள். நான் மட்டும் துணைக்கு இருந்தேன். ஆறு மேசையும் காலி. நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

வந்தவர் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது, கையில் குடை. உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். நேராகக் கண்ணாடியோர மேசையில் உட்கார்ந்து, குடையை நாற்காலி முதுகில் மாட்டினார்.

"அப்பாடா" என்றார். "இன்னிக்காவது இடம் கெடச்சுதே."

நான் தண்ணீர் டம்ளரோடு நின்றேன். "ஏற்கெனவே வந்திருக்கீங்களா சார்?"

"கடை தொறந்த முதல் வாரத்துல ஒரு தடவ சாப்பிட்டேன். அந்த மீன இன்னும் மறக்கலைங்க. அதுக்கு மறுநாள் ஆபீஸ் வேலையா வெளியூர் போயிட்டேன், திரும்பி வர மூணு வாரம் ஆச்சு. வந்து பாத்தா எள்ளு போட எடமில்ல. எனக்கு இருக்குறது அரை மணி நேரம். தெனமும் இந்த வழியாத்தான் போறேன், தெனமும் எட்டிப் பாப்பேன். ஒரு நாளாவது ஒரு நாற்காலி காலியா இருக்கணுமே. எதுத்தாப்புல போயி அந்தக் காஞ்ச ரொட்டியத் தின்னுட்டுப் போவேன். எங்க ஆபீஸ்ல நாலஞ்சு பேரு இப்படித்தான் பொலம்பிக்கிட்டிருக்கோம். நல்ல கடை, ஆனா நமக்குக் குடுத்து வைக்கலன்னு."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். லிஃப்டில் ஆள் நிறைந்துவிட்டால் அது நடுவில் எந்த மாடியிலும் நிற்காது. வெளியே எத்தனை பேர் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றாலும் தாண்டிப் போய்விடும். அந்த ஏற்பாட்டை என் கையாலேயே நூற்றுக்கணக்கான லிஃப்டில் பொருத்தியிருக்கிறேன். ஐந்து மாதமாக இந்த மனிதர் வெளியே நின்று பொத்தானை அழுத்தியிருக்கிறார். உள்ளே நான் என் பெண்டாட்டியோடு சிரித்துச் சிரித்து மீன் தின்றுகொண்டிருந்தேன்.

"அந்த மீன் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றேன்.

சமையல்கட்டு ஜன்னலுக்கு எத்தனை அடி இருக்கும்? பத்து அடி. அந்தப் பத்து அடிக்குள் என் வாயில் இருந்தது மூன்றே மூன்று வார்த்தை. பழைய ஆள் ஒண்ணு. மாப்பிள்ளை ஆறு மாதமாக, ஆறு மாதம் என்ன, பத்தொன்பது வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சொன்னால் வெளியே ஓடி வருவார். அந்த மனிதரிடம் பேசுவார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். பிறகு மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்ப்பார்.

"யாரு மச்சான்?" என்றார் உள்ளேயிருந்து. கதவுச் சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது, பாத்திரம் உருட்டியதில் எங்கள் பேச்சு கேட்கவில்லை.

"வெளியாள் ஒண்ணு" என்றேன்.

"புதுசா?"

"புதுசுதான்."

"கடைசி நாள்ல ஒருத்தன். சரி, வரட்டும்" என்றார். குழாய் திறந்தது. துணியை உதறிக் கட்டும் சத்தம் கேட்டது.

அந்த மீனை அவர் எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. தட்டு ஜன்னல் வழியாக வந்தபோது வாசனை கடை முழுக்கப் பரவியது. குடைக்காரர் பேசாமல் சாப்பிட்டார். உள்ளே மாப்பிள்ளை சட்டிகளை உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போனைத் தொடவில்லை, தெருவைப் பார்க்கவில்லை. நான் போட்ட விதி எதுவும் தெரியாமலே எல்லாவற்றையும் செய்தார். ரொட்டித் துண்டால் தட்டை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "சமைச்சவர ஒரு நிமிஷம் பாக்க முடியுமா? கையக் குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"அவரு… அடுப்புல வேலையா இருக்காரு சார்."

"பரவால்ல. நாளைக்கு வீட்டம்மாவக் கூட்டிட்டு வர்றேன். அப்பச் சொல்லிக்குறேன். எடம் இருக்கும்ல?"

"இருக்கும் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த காலி மேசைகளை ஒரு தடவை பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தட்டை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போனேன். மாப்பிள்ளை அதை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்தார். விரலால் தட்டின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சுத்தமா வழிச்சிருக்காரு. என்ன சொன்னாரு?"

எனக்காக இன்னொரு வாய்ப்பு அங்கே வந்து நின்றது. அதையும் விட்டேன்.

"அவசரத்துல இருந்தாரு போல. ஒண்ணும் சொல்லல."

"பசியா இருந்திருக்கும்" என்றார் மாப்பிள்ளை. தட்டைத் தொட்டியில் போட்டார். குழாயைத் திறந்து கையை நனைத்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. முதல்ல எனக்கு உங்க மேலயெல்லாம் கோவம் இருந்துச்சு. தெரு சரியில்லன்னு நெனச்சேன். அவளுக்குப் பரிமாறத் தெரியலன்னு நெனச்சேன். அந்த ரொட்டிக் கடைக்காரன் ஏதோ பண்றான்னுகூட நெனச்சேன். ராத்திரி படுத்து யோசிச்சுப் பாத்தா அது எல்லாம் இல்ல. தெரு நல்ல தெரு. அவ ஓடி ஓடிப் பரிமாறினா. நீங்க வேற யாரும் செய்ய மாட்டாத வேலையச் செஞ்சு கடைய நெறச்சுக் குடுத்தீங்க. எல்லாரும் அவங்கவங்க வேலையச் சரியாத்தான் செஞ்சீங்க. மிச்சம் இருக்குறது இது ஒண்ணுதான்."

ஈரக் கையை நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது பேரு வந்தாங்க. முப்பது பேரும் ஒரு தடவ சாப்பிட்டாங்க, போதும்னு போயிட்டாங்க. ஒருத்தருக்கும் திரும்பி வரத் தோணல. வேற என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரில யாரும் நல்லா இருக்குன்னு சொல்லாதது உப்பு இல்லாததாலன்னு இத்தன வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். உப்பு போட்டும் பாத்தாச்சு."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்கு ஒன்று கடைசியில் தீர்ந்தவரைப் போல நிதானமாகப் பேசினார். "தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான் மச்சான். இனிமே இந்த நெனப்பு வராது."

அவர் நன்மைக்காகத்தான் மறைத்தேன் என்று பிற்பாடு பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கடை சாத்துகிற நாளில் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, இன்னும் நொந்துபோவார் என்று. அதெல்லாம் பொய். என்னை அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வையை விட எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

"இல்ல மாப்ள" என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது.

அவர் குழாயை மூடினார். நான் சொல்வது கேட்க வேண்டும் என்று மூடினார்.

"என்ன இல்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். காத்திருக்கிற முகம். என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்த முகம்.

"இல்ல… அந்தப் பெரிய சட்டிய நீங்க தேய்க்காதீங்கன்னு சொல்ல வந்தேன். நான் தேய்க்கிறேன்."

"ஓ" என்றார். நாரை என் கையில் கொடுத்துவிட்டு, நான் நிற்பதற்கு நகர்ந்து இடம் விட்டார்.